வறுத்த காபிக் கொட்டையை வீட்டில் மணம் குன்றாமல் வைத்திருப்பது எப்படி?

காபிக் கொட்டையை வாங்கி வீட்டிலேயே அரைத்துக் குடிக்கத் தொடங்கியவர்கள் முதலில் கேட்பது, அதை எந்த டப்பாவில் போட்டு வைக்கலாம் என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது: வாங்கிய கொட்டையை எத்தனை நாளில் குடித்து முடிப்பீர்கள்? எவ்வளவு நல்ல டப்பாவாக இருந்தாலும், இரண்டு மாதத்துக்குத் தேவையான கொட்டையை அதில் நிரப்பித் தினமும் இரண்டு முறை திறந்து மூடினால், கடைசி வாரத்தில் கிடைக்கும் காபியில் மணம் இருக்காது. சாதாரணப் பையாக இருந்தாலும், பத்து நாளில் தீரும் அளவை அதில் வைத்து, எடுத்தவுடன் நன்றாக மூடி வந்தால், கடைசிக் கோப்பை வரை குறை சொல்ல இடமிருக்காது. ஆகவே இந்தக் கட்டுரை அளவிலிருந்து தொடங்கி, பாத்திரம், இடம், உறைநிலை, அன்றாடக் கையாளல் என்ற வரிசையில் செல்கிறது. அதற்கு முன்பு, கொட்டைக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை தெரிந்துகொண்டால், பின்னால் வரும் ஒவ்வொரு படியின் காரணமும் தானாகவே விளங்கும்.

வறுத்த பிறகு கொட்டைக்குள் நடப்பவை

வறுக்காத பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் வரை ஈரப்பதம் இருக்கும். அது கெட்டியானது, முறையாக வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். 200 டிகிரி செல்சியஸை ஒட்டியும் அதற்கு மேலும் செல்லும் வெப்பத்தில் வறுக்கும்போது, அந்த ஈரம் பெரும்பாலும் ஆவியாகி வெளியேற, கொட்டை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உப்பி, உள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்து, விரலால் அழுத்தினால் நொறுங்கும் தன்மையை அடைகிறது. காபியின் மணத்துக்குக் காரணமான எண்ணூறுக்கும் மேற்பட்ட சேர்மங்களில் பெரும்பாலானவை இந்தச் சில நிமிடங்களில்தான் உருவாகின்றன. கூடவே கரியமில வாயுவும் உருவாகி, கொட்டையின் துளைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

வறுத்து இறக்கிய கணத்திலிருந்து நான்கு மாற்றங்கள் ஒரே நேரத்தில் தொடங்கிவிடுகின்றன. முதலாவது, உள்ளே அடைபட்ட கரியமில வாயு வெளியேறுகிறது. முதல் சில நாட்களில் வேகமாகவும், பிறகு வாரக்கணக்கில் மெதுவாகவும் இது நடக்கும். வாயு வெளியேறிக்கொண்டிருக்கும் வரை அது சுற்றியுள்ள காற்றை ஓரளவு தள்ளி வைக்கும். அது குறையும்போது இரண்டாவது மாற்றம் வலுப்பெறுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் துளைகள் வழியாக உள்ளே புகுந்து, கொட்டையின் எண்ணெயோடு வினைபுரிந்து அதைக் காறிப்போகச் செய்கிறது. அராபிகா கொட்டையில் ஏறத்தாழ 15 சதவீதமும் ரொபஸ்டாவில் ஏறத்தாழ 10 சதவீதமும் எண்ணெய் இருப்பதால், இது சிறிய விஷயமல்ல. மூன்றாவதாக, மணச் சேர்மங்கள் தாமாகவே ஆவியாகிப் போகின்றன. புதிதாக வறுத்த காபிக்கே உரிய அந்த முதல் வாசனையைத் தரும் கந்தகச் சேர்மங்கள்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் விடைபெறுகின்றன. நான்காவது, வறுத்த கொட்டையில் மிஞ்சியிருக்கும் ஈரம் 1 முதல் 3 சதவீதம் மட்டுமே என்பதால், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நமத்துப்போகிறது.

வெப்பமும் வெளிச்சமும் இந்த மாற்றங்களை விரைவுபடுத்துகின்றன. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எனவே காற்று, ஈரம், வெப்பம், வெளிச்சம் ஆகிய நான்கையும் கொட்டையிடமிருந்து விலக்கி வைப்பதே பாதுகாப்பு என்பதன் பொருள். இந்த நான்கில் அன்றாடம் அதிகச் சேதம் செய்வது காற்று.

இவ்வளவு சொன்னதால் பழைய கொட்டை உடலுக்குத் தீங்கானது என்று அஞ்ச வேண்டாம். ஈரம் மிகக் குறைவாக இருப்பதால் வறுத்த கொட்டை எளிதில் அழுகாது. தண்ணீர் பட்டுப் பூஞ்சை பிடித்தால் மட்டும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். மற்றபடி நாம் இழப்பது சுவையையும் மணத்தையும் மட்டுமே. ஆனால் காபியை விரும்பிக் குடிப்பவருக்கு அந்த இழப்பே பெரியது.

முதல் படி: எவ்வளவு வாங்குவது என்று கணக்கிடுங்கள்

ஒரு கோப்பைக்கு 15 கிராம் கொட்டை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு கோப்பை என்றால் 30 கிராம். 250 கிராம் பை எட்டு நாளுக்கு வரும். ஒரே ஒரு கோப்பை குடிப்பவருக்கு அதே பை பதினாறு நாள் வரும். இரண்டுமே ஏற்கத்தக்கவை. நாளுக்கு ஒரு கோப்பை குடிப்பவர் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கிலோ வாங்கினால் அது இரண்டு மாதத்துக்கு மேல் நீளும். அதில் பாதியை உறைநிலையில் வைக்கும் எண்ணம் இல்லாவிட்டால் அப்படி வாங்காமல் இருப்பதே நல்லது. பையைத் திறந்த பிறகு இரண்டிலிருந்து மூன்று வாரத்துக்குள் முடித்துவிடும் அளவை மட்டும் வாங்குங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு.

வாங்கும்போது பையில் வறுத்த தேதி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும் என்ற குறிப்பு மட்டும் இருந்தால் அதிலிருந்து கொட்டையின் வயதை அறிய முடியாது, ஏனெனில் அந்தத் தேதி பெரும்பாலும் வறுத்த நாளிலிருந்து பல மாதங்களோ ஓர் ஆண்டோ தள்ளி வைக்கப்பட்டிருக்கும். வறுத்த தேதி தெரிந்தால், அதிலிருந்து நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் கொட்டை தீர்ந்துவிடும்படி திட்டமிடலாம். எண்ணெய் மேலே மினுமினுக்கும் அளவுக்குக் கருக வறுத்த கொட்டையில் துளைகள் அதிகம்; எண்ணெயும் வெளியே வந்து காற்றை நேரடியாகச் சந்திக்கிறது. ஆகவே அது இன்னும் விரைவில் காறும், அதை இன்னும் குறைவாக வாங்க வேண்டும்.

புதியவர்கள் பலருக்கு வியப்பூட்டும் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நேற்று வறுத்த கொட்டைதான் மிகச் சிறந்தது என்று எண்ணுவது சரியல்ல. உள்ளே கரியமில வாயு நிறைந்திருக்கும்போது, கொதிநீர் பட்டதும் வாயு பீறிட்டு, நீர் பொடிக்குள் சீராக இறங்குவதைத் தடுக்கிறது. கோப்பையில் சுவை ஒன்றோடொன்று சேராமல், சற்றுக் கூர்மையாக இருக்கும். வடிகட்டிக் குடிப்பவர்கள் வறுத்த நாளிலிருந்து நான்கு நாள் முதல் ஒரு வாரமும், எஸ்பிரசோ போடுபவர்கள் ஒரு வாரம் முதல் இரண்டு வாரமும் காத்திருப்பது வழக்கம். அந்த நாட்களில் பையைத் திறக்காமல் அப்படியே வைத்திருந்தால் போதும்.

இரண்டாம் படி: பாத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்

நல்ல கொட்டை பெரும்பாலும் உள்பக்கம் உலோகப் பூச்சுள்ள பையில் வருகிறது. பையின் முன்பக்கம் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிறிய வட்டம் இருக்கும். முகர்ந்து பார்ப்பதற்கான துளை என்று அதை நினைத்துப் பலர் பையை அமுக்கி வாசனை பிடிக்கிறார்கள். உண்மையில் அது ஒருவழி வால்வு. உள்ளே உருவாகும் கரியமில வாயுவை அது வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. வால்வும் ஜிப் மூடியும் உள்ள பை கிடைத்தால், அதைவிட்டு வேறு டப்பாவுக்கு மாற்றவே தேவையில்லை. மாற்றும்போது ஒவ்வொரு கொட்டையும் ஒருமுறை புதுக்காற்றில் புரண்டு எழுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் கொட்டையின் மட்டம் வரை பையைக் கீழே அழுத்திக் காற்றை வெளியேற்றி, ஜிப்பை இறுக்கி, மேல்பகுதியைச் சுருட்டி ஒரு கிளிப் போட்டு வையுங்கள். கொட்டை குறையக் குறையப் பையும் சுருங்கிக்கொண்டே வருவதுதான் இந்த முறையின் சிறப்பு. கெட்டியான டப்பாவில் அது நடக்காது, குறைந்த கொட்டையின் இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும்.

காகிதப் பையிலோ ஜிப் இல்லாத பையிலோ வாங்கியிருந்தால் டப்பா தேவை. அதற்கு மூன்று தகுதிகள் வேண்டும்: காற்றுப் புகாத மூடி, உள்ளே வெளிச்சம் விடாத சுவர், கொட்டைக்கு ஏற்ற அளவு. மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 250 கிராம் கொட்டைக்கு ஏறத்தாழ 700 மில்லி கொள்ளளவு தேவைப்படும். அதை இரண்டு லிட்டர் டப்பாவில் போட்டால், முதல் நாளிலேயே உள்ளே பாதிக்கு மேல் காற்று இருக்கும். அரை கிலோ வைத்திருப்பவர் ஒரு பெரிய டப்பாவுக்குப் பதிலாக இரண்டு சிறிய டப்பாக்களில் பிரித்து வைத்து, ஒன்றைத் தீர்த்த பிறகே மற்றதைத் திறந்தால், இரண்டாவதில் இருப்பவை முதல் வாரம் முழுவதும் புதுக்காற்றின் வாடையே அறியாமல் இருக்கும்.

எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி எதுவாயினும் சரி. கண்ணாடியானால் அலமாரிக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா முன்பு வைத்திருந்த பொருளின் வாசனையை எளிதில் விடாது என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன். மூடியில் ரப்பர் அல்லது சிலிக்கான் வளையம் இருப்பது அவசியம். டப்பா காற்றுப் புகாததா என்று ஐயம் இருந்தால், உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் அந்த வழியாகக் காற்று தாராளமாகப் போய்வரும். பார்த்த பிறகு நன்றாக உலர விட மறந்துவிடாதீர்கள்.

உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் டப்பாக்களும், கொட்டையின் மட்டம் வரை மூடியைத் தள்ளி இறக்கும் டப்பாக்களும் இப்போது கிடைக்கின்றன. இரண்டுமே உதவும். காற்றை உறிஞ்சும் வகையில், கொட்டை தொடர்ந்து வாயுவை வெளியிடுவதால் சில மணி நேரத்தில் உள்ளே வெற்றிடம் தளர்ந்துவிடும். அவ்வப்போது மறுபடியும் உறிஞ்ச வேண்டியிருக்கும். பொறுமை குறைவானவர்களுக்கு மூடியைத் தள்ளி இறக்கும் வகையே ஏற்றது. டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாமா என்றும் கேட்கிறார்கள். அது ஈரத்தை மட்டுமே பிடிக்கும், ஆக்சிஜனைத் தொடாது. கொட்டையோ ஏற்கெனவே உலர்ந்த பொருள். மூடி சரியாக இருந்தால் பொட்டலம் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை மட்டும்: வறுத்து ஓரிரு நாளே ஆன கொட்டையை வால்வு இல்லாத கண்ணாடிக் குடுவையில் நிரப்பி இறுக்கி மூடாதீர்கள். வெளியேற வழியில்லாத வாயு உள்ளே அழுத்தத்தை உண்டாக்கும். அந்த முதல் நாட்களில் கொட்டை வால்வுப் பையிலேயே இருக்கட்டும்.

மூன்றாம் படி: வைக்கும் இடம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளிர்ச்சியான, இருட்டான, உலர்ந்த அலமாரி ஒன்று போதும். அடுப்புக்கு மேலே உள்ள தட்டு, வெயில் விழும் சன்னலோரம், பிரிட்ஜின் தலைப்பகுதி, காபி இயந்திரத்தின் மேல்புறம் ஆகியவை கைக்கு எட்டும் வசதியான இடங்களாகத் தோன்றும், ஆனால் எல்லாமே சூடாகும் இடங்கள். நான் தொடக்கத்தில் அழகான கண்ணாடிக் குடுவை ஒன்றை அடுப்பை ஒட்டிய தட்டில் வைத்திருந்தேன். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தபோது, அதன் உள்விளிம்பில் மஞ்சள் படிந்த எண்ணெய் வளையமும், பழைய எண்ணெயின் சிக்கு வாடையும்தான் இருந்தன. அதே பையிலிருந்து பிரித்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்த மீதிக் கொட்டை அப்போதும் நன்றாகவே இருந்தது. மசாலாப் பொருள்கள், சோப்பு போன்றவற்றுக்கு அருகிலும் வைக்காதீர்கள். துளைகள் நிறைந்த கொட்டை பக்கத்து வாசனையை எளிதில் வாங்கிக்கொள்ளும்.

நான்காம் படி: பிரிட்ஜ் வேண்டாம், ப்ரீசர் வேண்டுமானால் முறைப்படி

பிரிட்ஜில் வைப்பது நல்லதென்று நம்புகிறவர்கள் ஏராளம். அங்கே கிடைக்கும் குளிர்ச்சியால் வரும் நன்மையைவிட, ஈரத்தாலும் பிற உணவுகளின் வாசனையாலும் வரும் தீமை அதிகம். அதைவிட மோசமானது, தினமும் வெளியே எடுத்துத் திறக்கும் பழக்கம். குளிர்ந்த கொட்டை அறைக் காற்றைச் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் நீராகப் படிகிறது.

ப்ரீசரின் கதை வேறு. மைனஸ் 18 டிகிரியில் எண்ணெய் காறுவதும் மணம் ஆவியாவதும் மிகவும் மந்தமாகிவிடுவதால், சரியாக அடைத்த கொட்டை பல மாதங்கள் நல்ல நிலையில் இருக்கும். ஆனால் உறைநிலை நேரத்தை நிறுத்தி வைக்குமே தவிர, போன மணத்தைத் திருப்பித் தராது. ஆகவே மூன்று வாரம் வெளியே கிடந்து மங்கிய பிறகு அல்ல, கொட்டை தன் நல்ல பருவத்தில், அதாவது வறுத்து ஒரு வாரம் பத்து நாள் ஆனபோது, உள்ளே வைக்க வேண்டும்.

வைக்கும் முறை இதுதான். முதலில் கொட்டையை நீங்கள் ஒருமுறை வெளியே எடுத்தால் தீர்த்துவிடும் அளவுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கான 200 கிராமாகவும் இருக்கலாம், ஒரே கோப்பைக்கான 15 கிராமாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் தடித்த ஜிப் பையில் போட்டு, மேசை மேல் படுக்க வைத்துக் கொட்டை ஒரே அடுக்காகப் பரவும்படி தட்டி, அடியிலிருந்து ஜிப்பை நோக்கி உள்ளங்கையால் மெல்லத் தடவிக் காற்றை வெளியேற்றி, கடைசி விரல்கடை அளவு இடத்தையும் மூடுங்கள். வீட்டில் வெற்றிடப் பொட்டலம் போடும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. பை மேல் கொட்டையின் பெயர், வறுத்த தேதி, உறையவைத்த தேதி மூன்றையும் எழுதி, எல்லாப் பைகளையும் மூடியுள்ள ஒரு டப்பாவுக்குள் அடுக்கி, கதவை அடிக்கடி திறந்தாலும் வெப்பம் மாறாத ப்ரீசரின் பின்பகுதியில் வையுங்கள்.

வெளியே எடுக்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். ஒரு வாரத்துக்கான பையை எடுத்தால், அதைத் திறக்காமல் அறை வெப்பநிலைக்கு வரும் வரை அப்படியே விட வேண்டும். முந்தைய இரவே எடுத்து வைத்துவிட்டால் காலையில் கவலையில்லை. பொறுமையிழந்து உடனே திறந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் காணலாம். கொட்டையின் பளபளப்பு ஒரு நிமிடத்துக்குள் மங்கி, மேலே மெல்லிய பனிப்படலம் படர்ந்து, விரலால் தொட்டால் ஈரம் ஒட்டும். பை மூடியிருந்தால் அதே ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், துடைத்துவிட்டால் தீர்ந்தது. ஒருமுறை வெளியே வந்த பையை மறுபடியும் உள்ளே வைக்காதீர்கள்.

ஒரே கோப்பைக்கான பைகளாகப் பிரித்தவர்கள் காத்திருக்கவே தேவையில்லை. உறைந்த கொட்டையை நேராக அரைவை இயந்திரத்தில் கொட்டி அரைக்கலாம், ஈரம் படிய நேரம் இருக்காது. குளிர்ந்த கொட்டை அரைபடும்போது பொடி சற்று நுண்ணியதாகவும் ஒரே சீராகவும் வருகிறது என்று 2016-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் ஆய்விதழில் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை காட்டியது. அதனால் அரைவை அளவை வழக்கத்தைவிட ஓரளவு கூட்டிப் பருமனாக வைக்க வேண்டியிருக்கலாம்.

ஐந்தாம் படி: அன்றாடக் கையாளல்

தேவையானதை எடை போட்டு எடுத்து, உடனே மூடி, அப்போதே அரையுங்கள். அரைவை இயந்திரத்தின் மேல்கிண்ணத்தில் ஒரு வாரக் கொட்டையை நிரப்பி வைக்கும் பழக்கம் மேலே சொன்ன அத்தனை கவனத்தையும் வீணாக்கிவிடும். அந்தக் கிண்ணம் பெரும்பாலும் வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக், அதன் மூடியும் காற்றைத் தடுக்காது. ஈரக் கரண்டியைப் பைக்குள் விடாதீர்கள்.

அரைத்த பொடியின் வாழ்நாள் மிகக் குறைவு. ஒரு கொட்டை நூற்றுக்கணக்கான துகள்களாகும்போது, காற்றைச் சந்திக்கும் பரப்பு பன்மடங்கு பெருகி, உள்ளே இருந்த வாயுவின் பெரும்பகுதி சில நிமிடங்களிலேயே வெளியேறிவிடுகிறது. அரைக்கும்போது வீடெங்கும் பரவும் அந்த மணம் கோப்பைக்குப் போகாமல் காற்றுக்குப் போன மணம்தான். அரைவை இயந்திரம் இல்லாமல் பொடியாகவே வாங்குபவர்கள், ஒரு வாரத்துக்குள் தீரும் சிறிய பொட்டலங்களாக வாங்கி, கொட்டைக்குச் சொன்ன அதே முறையில் வைத்துக்கொள்ளலாம்.

கொட்டை இன்னும் நன்றாக இருக்கிறதா என்று அறிவது

கைப்பிடி அளவு கொட்டையைச் சிறிய ஜிப் பையில் போட்டுக் காற்றை முழுவதும் வெளியேற்றி மூடி, ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் பை உப்பியிருந்தால் கொட்டை இன்னும் வாயுவை வெளியிடுகிறது, புதியது. தட்டையாகவே கிடந்தால் அதன் இளமை கழிந்துவிட்டது. காபி போடும்போதும் இதைக் காணலாம்: பொடி மேல் கொஞ்சம் கொதிநீர் விட்டதும் அது நுரைத்து மேலெழுந்தால் வாயு மிச்சம் இருக்கிறது, சேறு போல அமுங்கிக் கிடந்தால் இல்லை. இவை இரண்டும் வாயுவின் அளவைத்தான் சொல்லும். வாயு குறைந்த கொட்டையிலும் நல்ல சுவை சில நாள் எஞ்சியிருக்கும். இறுதித் தீர்ப்பு மூக்குக்கும் நாக்குக்கும் உரியது. மேற்பரப்பில் எண்ணெய் தெரிவதை மட்டும் வைத்துப் பழையது என்று முடிவு கட்டாதீர்கள். கருக வறுத்த கொட்டையில் அது முதல் வாரத்திலேயே இருக்கும். மிதமாக வறுத்த, உலர்ந்திருந்த கொட்டை பிற்பாடு மினுமினுக்கத் தொடங்கினால்தான் வயது ஏறுகிறது என்று பொருள்.

டப்பாவைச் சுத்தம் செய்வது

பழைய கொட்டை தீர்ந்ததும் டப்பாவைக் கழுவாமல் புதியதைக் கொட்டுவது பலரும் செய்யும் தவறு. சுவரில் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது காறிக்கொண்டேதான் இருக்கும். புதுக் கொட்டையின் மணத்தோடு அந்த வாடையும் கலந்துவிடும். வாசனையில்லாத சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, மூடியின் வளையத்தைத் தனியே கழற்றி, அதன் பள்ளத்தில் தங்கிய எண்ணெயையும் துடைத்து எடுங்கள். ஒரு நாள் முழுவதும் திறந்தபடி உலர விடுங்கள். பிறகு வெறும் டப்பாவை மூடி ஓர் இரவு வைத்து, காலையில் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். எந்த வாடையும் வரவில்லை என்றால் அடுத்த பையைப் பிரிக்கலாம். சிக்கு வாடை லேசாக வந்தாலும் வளையத்தை இன்னொருமுறை கழற்றிக் கழுவுங்கள், பெரும்பாலும் அது அங்கேதான் ஒளிந்திருக்கும்.